அந்த ஒரு பாதாம் மட்டும் ஏன் கசக்குது? பருப்புக்குள் இருக்கும் சயனைடும், அதை அளந்து நீக்கும் வழிகளும்

ராத்திரி ஊறவெச்ச பாதாமைக் காலையில தோலுரிச்சு, ஒவ்வொண்ணா வாயில போட்டுக்கிட்டே இன்னொரு கையால ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்கீங்க. முதல் நாலும் வழக்கம்போல இனிப்பு. அஞ்சாவதைக் கடிச்ச உடனே முகம் கோணிப்போகுது. வேப்பங்கொழுந்தைக் கடிச்ச மாதிரி கசப்பு. கூடவே, ரோட்டோரக் கடை பாதாம் பால்ல வருமே, அந்த எசென்ஸ் வாசனை!

துப்பணுமா, இல்ல 'கசப்புன்னா உடம்புக்கு நல்லது'ன்னு முழுங்கிடணுமா?

துப்பிடுங்க. வாயைக் கொப்பளிச்சிடுங்க. ஒண்ணே ஒண்ணு தெரியாம உள்ள போயிட்டாலும் பயப்பட வேண்டாம். ஆனால், அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு போனால் ஆபத்து, அதை எப்படி நீக்குகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், இதே கசப்பை 'புற்றுநோய்க்கு மருந்து' என்று பாக்கெட் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கசப்புக்குள்ள என்ன இருக்கு?

கசக்கும் பாதாமில் இருப்பது 'அமிக்டாலின்' என்ற பொருள். பாதாம், ஆப்ரிகாட், பீச், பிளம், செர்ரி, ஆப்பிள் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தப் பழங்களின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலும், ஆப்பிள் விதையிலும் இந்தப் பொருள் இருக்கிறது.

அமிக்டாலின் சும்மா இருக்கும்வரை சாது. அதே பருப்புக்குள் தனி அறையில் ஒரு நொதி, அதாவது என்சைம், உட்கார்ந்திருக்கிறது. பருப்பைக் கடிக்கும்போதோ இடிக்கும்போதோ இரண்டும் ஈரத்தில் கலக்கின்றன. உடனே அமிக்டாலின் மூன்றாக உடைகிறது. ஒன்று சர்க்கரை. இரண்டாவது 'பென்சால்டிஹைடு'. நமக்குத் தெரிந்த பாதாம் எசென்ஸ் வாசனை இதுதான். மூன்றாவது ஹைட்ரஜன் சயனைடு. ஆமா, துப்பறியும் கதைகள்ல வர்ற அதே சயனைடுதான்.

செடி இதைத் தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கிறது. விதையைக் கடிக்கும் பூச்சிக்கும் விலங்குக்கும் 'என்னைத் தொடாதே' என்று சொல்லும் ஏற்பாடு. இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. சோளம் முளைத்து இளம்பயிராக இருக்கும்போது மாட்டை அந்தப் பக்கம் மேயவிட மாட்டார்கள். மரவள்ளித் தோட்டத்துக்குள் ஆடு புகுந்தால் பதறிப்போவார்கள். பொருளின் பெயர்தான் வேறு. அங்கேயும் வெளியே வருவது சயனைடுதான்.

உடம்புக்குள் போன சயனைடு என்ன செய்யும்? வீட்டில் கேஸ் சிலிண்டர் நிறைய இருக்கிறது, ஆனால் பர்னர் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அடுப்பு எரியாது. அதேபோல ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. மூளையும் இதயமும்தான் முதலில் தவிக்கும்.

ஒரே பாக்கெட்ல ஒண்ணு மட்டும் எப்படி?

காட்டுப் பாதாம் எல்லாமே கசப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு எங்கோ சில மரங்கள் இனிப்பாகக் காய்க்க, மனிதர்கள் அவற்றைத் தேடிப்பிடித்து வளர்த்தார்கள். 2019-ல் பாதாமின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஒரே ஒரு மரபணுவில் நடந்த சின்ன மாற்றம்தான் அமிக்டாலின் தயாரிப்பை நிறுத்தியது என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். பருப்பு கசக்குமா, இனிக்குமா என்பதைத் தாய் மரம்தான் முடிவு செய்கிறது. கசப்பு மரம் என்றால் அதன் காய் எல்லாமே கசப்பு. ஆனால், இனிப்பு மரத்தின் விதையை நட்டு வளர்த்தால் அந்தப் புது மரம் கசப்பாகிவிடலாம். அதனால்தான் பெரிய தோட்டங்களில் விதை போடாமல் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். விதையிலிருந்து வளர்ந்த பழைய மரங்கள் கலந்திருக்கும் தோட்டத்தில், ஒரு கசப்பு மரத்தின் அறுவடை மொத்த மூட்டையோடு கலந்துவிடும். உங்க அஞ்சாவது பாதாமோட கதை பெரும்பாலும் இதுதான்.

பழசாகி எண்ணெய் சிக்கடித்த பாதாமும் கசக்கும். வாசனையை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். பழைய எண்ணெய் வாடை வந்தால் சிக்கு. பாதாம் எசென்ஸ் வாசனையோடு சுருக்கென்று கசந்தால் அமிக்டாலின். இரண்டையுமே தூக்கிப்போடுவதுதான் சரி.

ஸ்கூல் கிரவுண்டுல கல்லால உடைச்சுத் தின்ன நாட்டு வாதாங்கொட்டையை நினைச்சு இப்போ பயப்படாதீங்க. அது வேறு குடும்பத்து மரம். பெயர் மட்டும்தான் ஒன்று.

எத்தனை சாப்பிட்டா ஆபத்து? ஒரு கணக்கு போடுவோம்

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் ஓர் அளவைச் சொன்னது. ஒரே நேரத்தில் உள்ளே போகும் சயனைடு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இது பாதுகாப்பு எல்லை. தாண்டினால் உடனே உயிர் போகும் என்று அர்த்தமில்லை. உயிரைப் பறிக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம்வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்போ நம்ம கணக்கு. உங்க எடை 60 கிலோ என்றால் பாதுகாப்பு எல்லை 1.2 மில்லிகிராம். பரிசோதனைகளில் கசப்புப் பாதாம் ஒரு கிலோவில் சுமார் 1,000 மில்லிகிராம் சயனைடு வெளியாவதாக அளந்திருக்கிறார்கள். ஒரு பாதாம் ஒரு கிராம் என்று வைத்தால், ஒரே ஒரு கசப்புப் பாதாமிலேயே சுமார் 1 மில்லிகிராம். அதாவது, ஒன்றிலேயே உங்கள் எல்லையின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

இனிப்புப் பாதாமில்? ஒரு கிலோவுக்குச் சுமார் 25 மில்லிகிராம்தான். பத்து பாதாம் சாப்பிட்டாலும் 0.25 மில்லிகிராம். கவலையே வேண்டாம். அந்தச் சின்ன அளவை நம் உடம்பே சமாளிக்கும். புரதத்தில் இருக்கும் கந்தகத்தை வைத்து சயனைடைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றி, சிறுநீரில் அனுப்பிவிடும்.

குழந்தை விஷயத்தில்தான் கணக்கு மாறுகிறது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாதுகாப்பு எல்லை 0.24 மில்லிகிராம். கசப்புப் பாதாமில் கால் துண்டு! அஞ்சாறு கசப்புப் பாதாம் என்றால் அது உயிருக்கே ஆபத்தான அளவைத் தொடுகிறது. 'மருந்து மாதிரி முழுங்கிடு கண்ணு'ன்னு குழந்தைக்குக் கசப்புப் பாதாமைக் கொடுக்கவே கூடாது.

ஆப்ரிகாட் பருப்பு இன்னும் கவனிக்க வேண்டியது. பச்சையான சின்னப் பருப்பில் மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் சாப்பிட்டாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எல்லை தாண்டிவிடலாம் என்கிறது அதே ஆணையம். பெரிய பருப்பாக இருந்தால் பாதிகூடப் போகத் தேவையில்லை.

ஆப்பிள் விதையைத் தெரியாமல் முழுங்கிட்டா? விதையின் தோல் உடையாமல் அப்படியே வெளியேறிவிடும். மிக்ஸியில் ஆப்பிளை விதையோடு அரைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்படி அளக்கிறாங்க?

கண்ணால் பார்த்து இனிப்பையும் கசப்பையும் பிரிக்க முடியாது. அதற்காக இருக்கும் எளிய சோதனை, பிக்ரேட் காகிதம். நூறு வருடங்களுக்கு மேல் புழக்கத்தில் இருக்கும் முறை இது.

பருப்பைப் பொடித்து, கொஞ்சம் ஈரம் சேர்த்து, சின்னக் குப்பியில் போடுவார்கள். சோடியம் பிக்ரேட் கரைசலில் நனைத்து உலர்த்திய மஞ்சள் காகிதத்தை, பொடியில் படாமல் உள்ளே நிறுத்தி மூடிவிடுவார்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும். வெளிவரும் சயனைடு வாயு பட்டு, மஞ்சள் காகிதம் ஆரஞ்சாகி, பிறகு செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும். காலையில் அதை ஒரு நிற அட்டையோடு ஒப்பிட்டால், எத்தனை பிபிஎம் என்று தெரிந்துவிடும். ஒரு பிபிஎம் என்றால் ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஆய்வகத்தில் ஹெச்.பி.எல்.சி கருவி. அமிக்டாலினையே நேரடியாகப் பிரித்து அளந்துவிடும். ஒரு கிராம் அமிக்டாலின் முழுசாக உடைந்தால் 59 மில்லிகிராம் சயனைடு வரும் என்பதால், அளவை மாற்றிக் கணக்கிடுவது சுலபம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உடையாத முழுப் பருப்பில் விடுபட்ட சயனைடு ரொம்பக் குறைவு. அதை மட்டும் அளந்துவிட்டு 'சுத்தமா இருக்கு' என்று சொன்னால் ஏமாந்துவிடுவோம். எல்லாம் உடைந்தால் மொத்தம் எவ்வளவு வரும் என்பதைத்தான் அளக்க வேண்டும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக விற்கும் ஆப்ரிகாட் பருப்பில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது என்று 2017-ல் விதி வந்தது. ஆஸ்திரேலியா 2015 கடைசியில் பச்சை ஆப்ரிகாட் பருப்பு விற்பனைக்கே தடை போட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும், இயற்கையாக உண்டாகும் நச்சுப் பொருள்கள் பட்டியலில் ஹைட்ரோசயனிக் அமிலத்துக்கு 5 பிபிஎம் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

'சூப்பரா இருக்கே, வீட்ல ட்ரை பண்ணலாமா?' வேண்டாம் பாஸ். பிக்ரேட் காகிதம் செய்யத் தேவைப்படும் பிக்ரிக் அமிலம், காய்ந்துபோனால் வெடிக்கும் தன்மை கொண்டது. அது ஆய்வகத்திலேயே இருக்கட்டும்.

எப்படி நீக்குறாங்க? வரிசைதான் முக்கியம்

நீக்குவதற்கு இயற்கையே இரண்டு வசதிகளைக் கொடுத்திருக்கிறது. ஒன்று, அமிக்டாலின் தண்ணீரில் கரையும். இரண்டு, ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சென்னை வெயிலுக்கு அது தாங்கவே தாங்காது!

அப்போ வறுத்தாலே போயிடுமேன்னு தோணும். இங்கதான் பலரும் தப்புப் பண்றாங்க. முழுப் பருப்பை முதலிலேயே சூடாக்கினால் செத்துப்போவது அந்த நொதிதான். அமிக்டாலினில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடும். அதைச் சாப்பிட்டால், குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் நொதியின் வேலையைச் செய்து சயனைடை வெளியே விடும். வறுத்த பருப்பு கசப்பாக இருந்தால் அது இன்னும் விஷம்தான்.

சரியான வரிசை இது. முதலில் உடைக்க வேண்டும், அரைக்க வேண்டும். அப்போதுதான் நொதி அமிக்டாலினைத் தேடிப்பிடிக்கும். அடுத்து, ஈரத்தில் ஊற நேரம் கொடுக்க வேண்டும். பிறகுதான் காற்றோட்டத்தில் பரப்பியோ, திறந்த பாத்திரத்தில் சூடாக்கியோ வாயுவை வெளியேற்ற வேண்டும். இன்னொரு வழி, தோல் நீக்கிய பருப்பை வெந்நீரில் பலமுறை ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது. ஜெர்மனியில் இப்படிக் கசப்பு நீக்கிய ஆப்ரிகாட் பருப்பில் 'பெர்சிபான்' என்ற இனிப்பு செய்கிறார்கள். பாதாமில் செய்யும் மார்சிபானுக்கு விலை குறைந்த தம்பி அது.

எண்ணெய் ஆட்டுவது இன்னொரு வழி. அமிக்டாலின் தண்ணீரில் கரையும், எண்ணெயோடு சேராது. அதனால் பருப்பை ஆட்டினால் எண்ணெய் பெரும்பாலும் சுத்தமாக வந்துவிடும். விஷம் பிண்ணாக்கில் தங்கிவிடும். லடாக்கில் இனிப்பு ஆப்ரிகாட் பருப்பைத் தின்பதற்கும், கசப்புப் பருப்பை எண்ணெய்க்கும் எனப் பிரித்து வைப்பது பழைய வழக்கம். அங்கே விளையும், வெள்ளை விதை கொண்ட 'ரக்ட்சே கார்போ' ஆப்ரிகாட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கசப்புப் பருப்பின் பிண்ணாக்கை மட்டும் சுத்திகரிக்காமல் மாட்டுக்குப் போடக் கூடாது.

அளப்பதும் நீக்குவதும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம், பருப்பில் இல்லை, மரவள்ளிக்கிழங்கில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் காங்கோவில், சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளி மாவையே நம்பி வாழும் கிராமங்களில் 'கொன்சோ' என்ற நோய் வருகிறது. புரதமும் குறைவாகச் சாப்பிடும் குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும் இரண்டு கால்களும் திடீரெனச் செயலிழக்கும். அது திரும்பச் சரியாகாது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி, பிக்ரேட் காகிதத்தை எளிய பெட்டியாக்கி அங்கே கிடைக்கச் செய்தார். கூடவே ஒரு வழியையும் சொன்னார். மாவைத் தண்ணீரில் பிசைந்து, பாயில் மெல்லிசாகப் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ வைத்துவிட்டு அன்றே சமைக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கடைப்பிடித்த கிராமங்களில் புதிதாக யாருக்கும் கொன்சோ வரவில்லை.

நம் வீட்டில் மரவள்ளியைத் தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டும் பாட்டி செய்வதும் இதே வேலைதான்.

முந்திரி கதை வேற

எல்லா விஷமும் சயனைடு இல்லை. முந்திரியில் பருப்பு நல்லது, ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய்தான் வில்லன். அதில் இருக்கும் அனகார்டிக் அமிலம் போன்றவை தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கைகளைப் பார்த்தால் தெரியும். அதை நீக்க, கொட்டையை ஓட்டோடு வறுக்கிறார்கள் அல்லது ஆவியில் வேகவைக்கிறார்கள். கடையில் 'பச்சை முந்திரி' என்று விற்பதுகூட இப்படிச் சூடு பார்த்ததுதான். ஆக, முந்திரிக்கு முதலில் சூடு, பிறகு உடைப்பு. கசப்புப் பருப்புக்கு முதலில் உடைப்பு, பிறகு சூடு. விஷம் எதுவென்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

'வைட்டமின் பி17' ஃபார்வர்டு வந்திருக்கா?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என்றாவது வரும். 'ஆப்ரிகாட் பருப்பு தினமும் சாப்பிட்டால் புற்றுநோய் கரையும். இதை மருந்து கம்பெனிகள் மறைக்கின்றன!'

பி17 என்று ஒரு வைட்டமினே இல்லை. அமிக்டாலினுக்கும் அதிலிருந்து செய்த 'லேட்ரைல்' மருந்துக்கும் வியாபாரத்துக்காகச் சூட்டிய பெயர் அது. 1970-களில் அமெரிக்காவில் இந்த அலை பெரிதாக அடித்தது. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் 1980-ல் மெக்ஸிகோ போய், லேட்ரைலும் சேர்ந்த ஒரு மாற்றுச் சிகிச்சையை எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார்.

யாரும் மறைக்கவும் இல்லை. நேரடியாகவே சோதித்தார்கள். 178 புற்றுநோயாளிகளுக்கு லேட்ரைல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982-ல் வெளியானது. யாரும் குணமாகவில்லை. ஆயுள் கூடவில்லை. சிலரின் ரத்தத்தில் சயனைடு, உயிரைப் பறிக்கும் அளவை நெருங்கியிருந்தது. ஊசியாகப் போடுவதைவிட வாய்வழியாகச் சாப்பிடும்போது ஆபத்து அதிகம். காரணம், முன்பு சொன்ன அதே குடல் பாக்டீரியாக்கள்.

வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்றால், நம்பிக்கை தரும் எதையும் பிடித்துக்கொள்ளத் தோன்றும். அந்தத் தவிப்பைக் கேலி செய்ய முடியாது. ஆனால், கீமோவால் ஏற்கெனவே களைத்துப்போன உடம்புக்கு மேலும் ஒரு விஷத்தைக் கொடுப்பதாகிவிடும் இது. அத்தையோ மாமாவோ 'தினமும் பத்து சாப்பிடறேன்'னு சொன்னா, சண்டை போடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, மேலே இருக்கும் கணக்கைச் சொல்லுங்க. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

வீட்டில் கவனிக்க...

* கசக்கும் பாதாமை உடனே துப்புங்கள். ஒரே பாக்கெட்டில் பல கசந்தால் மொத்தமாக ஒதுக்கிவிட்டு, கடையில் புகார் சொல்லுங்கள்.

* பாதாம் பால், பாதாம் மாவு அரைப்பதற்கு முன் சிலவற்றைக் கடித்துப் பாருங்கள். அரைத்தபின் சர்க்கரையும் ஏலக்காயும் கசப்பை மறைத்துவிடும்.

* குழந்தைக்குக் கொடுக்கும் பாதாமை நீங்கள் ஒரு ஓரம் கடித்துப் பார்த்துக் கொடுங்கள்.

* ஊறவைப்பது தோலுரிக்கவும் மெல்லவும் வசதி. முழுக் கசப்புப் பாதாமை ஒரு ராத்திரி ஊறவைத்தால் விஷம் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

* ஆன்லைனில் 'கசப்பு ஆப்ரிகாட் பருப்பு', 'கசப்புப் பாதாம்' என்று இருந்தால் சாப்பிட வாங்காதீர்கள்.

* கசப்பு நீக்கும் வேலையை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். நீங்கிவிட்டதா என்று அளக்க நம்மிடம் கருவி இல்லை. மூடிய கிச்சனில் அந்த வாயுவே ஆபத்து.

* பீச், பிளம் கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பை ஸ்மூத்தியில் போடாதீர்கள்.

* கசப்புப் பருப்பைச் சாப்பிட்டபின் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வேகமான மூச்சு, குழப்பம் என எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை சாப்பிட்டார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சயனைடுக்கு மாற்று மருந்து இருக்கிறது. விஷயம் தெரிந்தால்தான் அதைக் கொடுப்பார்கள்.

பாகற்காய்க் கசப்பையும் வேப்பம்பூ ரசத்தின் கசப்பையும் கொண்டாடும் ஊர் இது. அதனாலேயே எல்லாக் கசப்பையும் மருந்தாகப் பார்க்கப் பழகிவிட்டோம். பாதாம் விஷயத்தில் மட்டும் நாக்கு சொல்வதைக் கேளுங்கள். நாளைக்குக் காலையில அந்த அஞ்சாவது பாதாம் கசந்தா, யோசிக்கவே வேண்டாம்... துப்பிட்டு ஆறாவதை எடுங்க!